அந்தமானுக்கு ஆறு நாள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

குடும்பத்துடன் ஆறு நாள் அந்தமான் செல்ல எந்த மாதம் ஏற்றது, எந்தத் தீவுகளைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலேயே அங்கு தொடங்கிவிடுவதாலும், ஆண்டின் இறுதியில் வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் தீவுகளுக்கிடையிலான படகுகளை நிறுத்திவிடக்கூடும் என்பதாலும், ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையிலான காலமே நம்பத்தக்கது. சென்னையிலிருந்து செல்லும் கப்பல் ஏறக்குறைய மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு விமானம்தான் பொருந்தும்.

போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்றும், ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு 2018இல் முறையே ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவு என்றும் பெயர் மாற்றப்பட்டதால், பயணச்சீட்டு எடுக்கும்போது இரண்டு பெயர்களையும் நினைவில் வையுங்கள். ஹேவ்லாக்கில் இரண்டு இரவுகளும் நீலில் ஓர் இரவும் தங்கலாம். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைக் கட்டாயம் போர்ட் பிளேரிலேயே கழியுங்கள்; கடல் கொந்தளித்துப் படகு ரத்தானால் விமானமும் கைவிட்டுப் போகும். ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் கதிரவன் மறைந்துவிடுவதால், ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை போன்ற இடங்களுக்கு முன்னதாகவே கிளம்புவது நல்லது.

பாராடாங் தீவிலுள்ள சுண்ணாம்புக் குகைகளைப் பலரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் அங்கு செல்லும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் ஊடாகச் செல்கிறது. வழியில் வண்டியை நிறுத்துவதும் அவர்களைப் படமெடுப்பதும் சட்டப்படி குற்றம். அம்மக்களின் தனிமையை மதித்து, அந்த நாளைப் போர்ட் பிளேரின் செல்லுலார் சிறைக்கூடத்துக்கும் அருகிலுள்ள ராஸ் தீவுக்கும் ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.