கட்டுத் துவக்குக்கு எதிராக ஊர் பேச வேண்டுமென்றால்

கேள்வி: படுவான்கரையில் காட்டோரம் உள்ள வயல் ஊர் எங்களுடையது. போன சிறுபோகத்தில் மாடு தேடிப் போன பதினாறு வயதுத் தம்பி ஒருவனுக்குக் கட்டுத் துவக்கு (மிருகத்துக்கென்று பாதையில் நூல் இழுத்துக் கட்டி வைக்கும் துவக்கு) வெடித்து முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. கட்டியவர் யாரென்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊர்வலம் போக வேண்டும், மேடையில் பேச வேண்டும் என்று எங்கள் இளைஞர் கழகத்தில் சிலர் துடிக்கிறோம். அம்மாவோ, "சும்மா இரு புள்ள, நாம பட்டது காணும்" என்கிறா. இன்னொன்றும் உண்டு. எங்களில் ஒருவரின் வீட்டில் அப்பப்பா காலத்து இடியன் துவக்கு (குழல் வாயால் வெடிமருந்தை இடித்து நிறைக்கிற நாட்டுத் துவக்கு) ஒன்று கிடக்கிறது. அதை என்ன செய்வது? — வாசகி (22), மட்டக்களப்பு மாவட்டம்

பதில்: தங்கச்சி, அம்மாவின் பயத்தைத் தட்டிக்கழித்துவிட்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அவ வாழ்ந்த காலத்தில் துவக்கைப் பற்றிப் பேசியவர்கள் துவக்காலேயே போனார்கள். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2004 மே 31ஆம் திகதி பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரத் தெருவிலே சுடப்பட்டார். 2005 நத்தார் ஆராதனை நேரம் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் தேவாலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். இதையெல்லாம் அயலில் இருந்து பார்த்த தலைமுறை பிள்ளையைப் பேசாதே என்று தடுப்பதில் வியப்பில்லை.

அதே தலைமுறைத் தாய்மார் செய்த இன்னொரு காரியமும் பதிவாகியிருக்கிறது. 1986இல் ஆயுத இயக்கங்களுக்கிடையே கொலைகள் நடந்தபோது, ரெலோ (தமிழீழ விடுதலை இயக்கம்) இளைஞர்களைக் கொல்லாதீர்கள் என்று கேட்டுக் கிழக்கில் அன்னையர் முன்னணிப் பெண்கள் உலக்கையோடு தெருவில் இறங்கினார்கள். கூட்டமாகப் போனார்கள், ஒன்றை மட்டும் கேட்டார்கள். உங்கள் வேலைக்கும் இந்த இரண்டும்தான் முக்கியம்: பேசுகிறவர் தனி ஆளாக இருக்கக் கூடாது, கேட்பது ஒன்றுக்கு மேல் போகக் கூடாது.

கேட்பதைப் பற்றி முதலில் சொல்கிறோம், பெரும்பாலான இளைஞர் கழகங்கள் சறுக்குவது அங்கேதான். "வன்முறையை நிறுத்து", "துவக்கில்லாத ஊர் வேண்டும்" என்று பதாகையில் எழுதினால் எல்லாரும் கைதட்டுவார்கள், பொறுப்பு ஒருவருக்கும் வராது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் பார்க்லண்ட் பாடசாலையில் 2018 பெப்ரவரி 14ஆம் திகதி 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தப்பிய மாணவர்கள் மாநிலச் சட்டசபைக்கே நேரில் போய்ச் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். மார்ச் 9ஆம் திகதி அந்த மாநிலத்தில் ரைஃபிள் போன்ற நீளத் துவக்கு வாங்கும் வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்தி, வாங்குவதற்கு மூன்று நாள் காத்திருப்பும் வைத்துச் சட்டம் கையெழுத்தானது. உலகமே பார்த்த வாஷிங்டன் பேரணி அதற்குப் பிறகு, மார்ச் 24ஆம் திகதிதான் நடந்தது. ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் ஊரில் 1996இல் பாடசாலைக்குள் 16 பிள்ளைகளும் ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்டபோது, பெற்றோரும் அயலவரும் கைத்துப்பாக்கியைத் தடை செய் என்ற ஒரே கோரிக்கைக்கு 7 லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பம் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே சட்டம் மாறியது.

உங்கள் கோரிக்கையை இப்படி எழுதலாம்: "பெரும்போக விதைப்புக்கு முன், பொலிஸாரும் வனஜீவராசிகள் திணைக்களத்தாரும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து எங்கள் கிராம சேவகர் பிரிவின் காட்டோரப் பாதைகளில் தேடுதல் நடத்திக் கட்டுத் துவக்குகளை அகற்ற வேண்டும்." யார், எங்கே, எதற்குள் என்ற மூன்றும் அதில் இருக்கிறது. தேடுதலுக்கு நீங்கள் மட்டும் போகவே கூடாது. பாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டிய நைலோன் நூலோ மெல்லிய கம்பியோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், வந்த காலடியிலேயே திரும்புங்கள். ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்றும் இருக்கலாம். தூரத்தில் நின்று கிட்டிய மரத்தையோ வாய்க்காலையோ அடையாளம் குறித்துக்கொண்டு பொலிஸுக்கு அறிவியுங்கள், இலக்கம் 119.

இனி நீங்கள் கடிதத்தில் தொடாத ஒன்று. கட்டுத் துவக்கு கட்டியவரும் விவசாயி. பன்றி ஓரிரவில் வரம்பைக் கிண்டி வைத்துவிட்டுப் போகும், யானை கதிர்ப் பருவத்தில் இறங்கினால் கடன்பட்டு விதைத்தவருக்கு அந்தப் போகமே இல்லை. அவரிடம் போய் "துவக்கை எடு" என்று மட்டும் சொன்னால், "அப்ப என்ட வயல நீ காவல் காப்பியா?" என்று கேட்பார். அது நியாயமான கேள்வி. பதில் இல்லாமல் போனால் ஊரில் பாதிப் பேர் உங்களுக்கு எதிராக நிற்பார்கள், மேடை போட்ட அன்றே வேலை முடிந்துவிடும். ஆகவே பொலிஸுக்குப் போகும் முன் கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்குப் போங்கள். வட்டை விதானையாரோடு (வயல் வேலைகளை மேற்பார்க்கிறவர்) உட்கார்ந்து எந்த வயற்கண்டத்தில் எந்தப் பக்கத்தால் மிருகம் இறங்குகிறது என்று ஒரு தாளில் கீறுங்கள். யானை மின்வேலி இருக்கிற இடமென்றால் புல்லும் கொடியும் கம்பியில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் மின்சாரம் நிலத்துக்குள் இறங்கி வேலி வெறும் கம்பியாகிவிடும்; அதைத் துப்புரவு செய்வது இளைஞர் கழகம் பொறுப்பெடுக்கக்கூடிய வேலை. செய்யுமுன் வேலிக்குப் பொறுப்பான அலுவலரிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். யானை வெடி விதைப்புக் காலத்தில் கையில் கிடைக்க வேண்டும், அறுவடைக்குப் பிறகு வந்து என்ன பயன்? காட்டு யானையால் நெல் அழிந்தால் பயிர்க் காப்புறுதியில் இழப்பீடு கேட்கலாம். கமநல சேவை நிலையத்தில் விண்ணப்பிக்கும் வழியைக் கேட்டு, சேதம் நடந்தவுடன் படம் எடுத்து வைக்கப் பழக்குங்கள். இவற்றை உங்கள் கோரிக்கைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் கமக்காரர் அமைப்பின் கையொப்பத்தோடு வையுங்கள். கட்டுத் துவக்குக்குப் பன்றிக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது என்பதை அந்தக் கூட்டத்தில் விவசாயி ஒருவரே எழுந்து சொன்னால், நீங்கள் பத்து மேடையில் சொல்வதைவிட உறைக்கும்.

யார் யார் கூட வர வேண்டும்? இளைஞர் கழகம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், ஆலய நிர்வாக சபை, கமக்காரர் அமைப்பு, இவ்வளவும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட வேண்டும். அந்தக் காட்டுப் பாதையைப் பக்கத்து முஸ்லிம் ஊராரும் சிங்கள ஊராரும் பாவிக்கிறார்கள் என்றால் அவர்களின் பள்ளிவாசல், விகாரை நிர்வாகத்தையும் முதல் நாளிலேயே கேளுங்கள். பிந்திக் கேட்டால் "அவங்க எங்களைக் குற்றம் சொல்றாங்க" என்ற கதை முந்திவிடும். கிழக்கில் நல்ல முயற்சிகள் பல அந்த ஒரு கதையால் செத்திருக்கின்றன. கடிதத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. என்றாலும் சிங்களப் பிரதி ஒன்றையும் இணைத்தால் மொழிபெயர்ப்புக்கென்று கோவை தூங்காது.

கட்டியவரின் பெயரை மேடையில் சொல்லாதீர்கள், பேஸ்புக்கில் எழுதாதீர்கள், வட்ஸ்அப் குரல் பதிவிலும் வேண்டாம். பெயர் தெருவுக்கு வந்தால் சாட்சி பயந்து பின்வாங்குவார், சந்தேக நபர் விழித்துக்கொள்வார், அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். நேரே கண்டவர் மட்டும் பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கட்டும். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். சிங்களத்தில் எழுதியிருந்தால் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையொப்பம் வைக்கக் கூடாது. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். சாட்சியை மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனிக் குற்றம், அதன்கீழ் பாதுகாப்பும் கேட்கலாம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போகலாம். அம்பாறைக் கரையோர வாசகர்களுக்குக் கல்முனையில் அலுவலகம் இருக்கிறது.

கையில் ஒரு கணக்கும் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு விண்ணப்பம் போடுங்கள், கழகத்தில் பெரியவர் ஒருவரின் பெயரில். மாவட்டச் செயலகத்தின் தகவல் அலுவலரிடம்: எங்கள் பிரதேச செயலாளர் பிரிவில் அனுமதிப்பத்திரம் உள்ள துவக்குகள் எத்தனை, இந்த ஆண்டு புதுப்பிக்காதவை எத்தனை? பொலிஸ் தகவல் அலுவலரிடம்: கடந்த மூன்று ஆண்டில் எங்கள் பொலிஸ் பிரிவில் சட்டவிரோதத் துவக்குக்காகத் தாக்கல் செய்த வழக்குகள் எத்தனை? ஆட்களின் பெயரைக் கேட்காதீர்கள், கேட்டால் அதைக் காட்டியே மறுப்பார்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

ஊர்வலம் இவ்வளவுக்கும் பிறகு. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, தொடங்குவதற்கு ஆறு மணித்தியாலம் முன்பாவது பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆறு மணித்தியாலத்தை நம்பாதீர்கள். மூன்று நாள் முன்பு, தொடங்கும் இடம், முடியும் இடம், பாதை, நேரம், ஆட்தொகை, பொறுப்பானவர் இருவரின் பெயர் எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி வேறு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் வந்தால் பெற்றோரின் கையொப்பம் வேண்டும், பாடசாலைச் சீருடை வேண்டாம். நிறத்தையும் யோசியுங்கள். சிக்காகோவில் 2013இல் சுடப்பட்டு இறந்த ஹதியா பெண்டில்டன் என்ற பதினைந்து வயதுப் பிள்ளையின் தோழிகள் செம்மஞ்சள் நிறம் எடுத்தார்கள், வேட்டைக்காரர் ஒருவரை ஒருவர் தவறிச் சுடாமல் இருக்க அணிகிற நிறம் அது. இங்கே செம்மஞ்சள், பச்சை, சிவப்பு எல்லாவற்றுக்கும் ஏதாவது கட்சியோ சமயமோ சொந்தக்காரர். வெள்ளை நல்லது.

மேடையில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும், எழுதினால் கொப்பியில் ஒரு பக்கம். நடந்தது, நாங்கள் கேட்பது, யாரிடம் கேட்பது. அதற்கு மேல் கவிதை வேண்டாம். பார்க்லண்ட் மாணவி எம்மா கொன்சாலெஸ் வாஷிங்டன் மேடையில் 6 நிமிடம் 20 செக்கன் நின்றார், அதில் பெரும்பகுதி ஒன்றும் பேசாமல். பாடசாலையில் கொலைகள் நடந்து முடிய எடுத்த நேரம் அது என்பதைக் கடைசியில் சொன்னார். கத்திப் பேசுகிறவரைத்தான் மேடைக்குத் தேட வேண்டும் என்றில்லை. ஐந்தாறு பேர் மாறி மாறிப் பேசுங்கள், யாருடைய முகமும் தனியாக ஊரின் கண்ணில் நிற்காது.

கால் இழந்த தம்பியைப் பதாகையில் போடாதீர்கள், மேடையில் ஏற்றாதீர்கள். அவனாக வந்து பேசுகிறேன் என்றால் பெற்றோரும் சம்மதித்தபின் ஒரு தடவை பேசட்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் அதைத் திரும்பச் சொல்ல வைத்தால் அவன் ஒவ்வொரு முறையும் அந்தப் பாதைக்குத்தான் போய் வருவான். நித்திரை இல்லை, ஆட்களோடு சேர்வதில்லை என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் முதலுதவிக்கும் கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள்: வெடிபட்டால் துப்புரவான துணியை மடித்துக் காயத்தின்மேல் இரண்டு கையாலும் விடாமல் அழுத்த வேண்டும், உள்ளே போன இரும்பைப் பிடுங்கக் கூடாது, 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும். வழக்குக்குப் பயந்து "விழுந்துவிட்டான்" என்று வைத்தியருக்குப் பொய் சொன்னால் உள்ளே கிடக்கும் துண்டுகளை அவர் தேடாமல் விடக்கூடும்.

அந்த இடியனைப் பற்றி: முதலில் ஒருவரும் கை வைக்க வேண்டாம். பழைய இடியன் பல வருடமாக வெடிமருந்து நிறைத்தபடியே கிடக்கலாம். குழலுக்குள் கம்பி விட்டுப் பார்ப்பது, துடைப்பது, அடுப்படிக்குக் கிட்ட வைப்பது எல்லாம் ஆபத்து. அறையைப் பூட்டுங்கள். வாவியில் எறிவதும் குளத்தில் தாழ்ப்பதும் இன்னொருவர் வலையில் ஏறும். வீட்டில் பழைய அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் துவக்கை எடுக்காமல், அந்தப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போய், உரியவர் இறந்துவிட்டார், ஒப்படைக்க விரும்புகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் சட்டத்தரணியிடம் முதலில் பேசுங்கள். அவர் மூலம் பொறுப்பதிகாரிக்கு அறிவித்து, பொலிஸாரே வீட்டுக்கு வந்து எடுக்கச் செய்யலாம். துவக்கைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால், வழியில் சோதனையில் பிடிபடும்போது ஒப்படைக்கத்தான் போனேன் என்பதை நிரூபிப்பது கடினம். அரசு இடைக்கிடை பொது மன்னிப்புக் காலம் அறிவிப்பதுண்டு, 2020 பெப்ரவரியில் ஒரு வாரம் கொடுத்தார்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியாக, இந்த மாவட்டத்துக்கு அப்படி ஒரு காலம் வேண்டும் என்று கேளுங்கள். பரணில் துவக்கு வைத்துக்கொண்டு நித்திரையில்லாமல் இருக்கும் வீடு உங்கள் ஊரில் அது ஒன்றாக இருக்காது.

கடிதம் கொடுத்த மறுநாளே பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டம் எப்போதென்று பிரதேச செயலகத்தில் கேட்டு, உங்கள் விடயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க எழுதிக் கொடுங்கள். கூட்டம் முடிந்தபின் அறிக்கையில் யாருக்கு என்ன பொறுப்பு, எந்தத் திகதி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். திகதி இல்லாவிட்டால் அதைப் போடச் சொல்லி அடுத்த கடிதம் எழுதுங்கள், அதே எல்லாச் சங்கங்களின் கையொப்பத்தோடும்.