பத்து நிமிடப் பாடமும் அடுத்த வாரக் கட்டுரையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நடுநிலை வகுப்புகளுக்கு மொழிப்பாடம் நடத்தும் ஆசிரியை. எழுதும் திறன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பத்து நிமிடக் குறும்பாடங்களாக நடத்துமாறு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், அப்படியே செய்கிறேன். பாடம் முடிந்ததும் கொடுக்கும் பயிற்சியைப் பிள்ளைகள் சரியாகச் செய்கிறார்கள். அடுத்த வாரம் கட்டுரை எழுதச் சொன்னால் கற்றதன் சுவடே அதில் இல்லை. திறனைத் துண்டு துண்டாக்குவதே தவறோ?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

துண்டாக்குவதில் தவறில்லை. கட்டுரை எழுதும் பிள்ளை கருத்து, வரிசை, சொல், எழுத்துப்பிழை என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நெரிசலில் புதிய திறன் ஒன்றைக் கவனிக்க இடம் மிஞ்சுவதில்லை. ஆகவே ஒன்றை மட்டும் தனியே எடுத்துக் காட்டத்தான் வேண்டும்.

ஆனால் பாடத்தின் நேரம் குறுகியதாக இருப்பதைவிட அதன் நோக்கம் குறுகியதாக இருப்பது முக்கியம். ‘சுருக்கி எழுதுதல்’ பத்து நிமிடத்தில் அடங்காது. ‘பத்தியின் மைய வாக்கியத்தைக் கண்டுபிடித்தல்’ அடங்கும். எறும்புகளைப் பற்றிய பத்தி ஒன்றைப் பலகையில் எழுதி, பிள்ளைகளின் காதில் விழும்படி நீங்களே யோசித்துக் காட்டுங்கள். “‘எறும்புகள் மணத்தைக் கொண்டு வழி காண்கின்றன’ என்பதை அழிக்கிறேன். இப்போது ‘முன்னே சென்ற எறும்பு தரையில் மணத்தை விட்டுச் செல்கிறது’, ‘அதைத் துடைத்துவிட்டால் வரிசை குலைகிறது’ என்பவை எதற்காகச் சொல்லப்பட்டன என்று தெரியவில்லை. சரி, அதைத் திரும்ப எழுதிவிட்டுக் கடைசி வாக்கியத்தை அழிக்கிறேன். பத்தி நிற்கிறது.” முதலில் தவறான வாக்கியத்தைத் தேர்ந்து, அது ஏன் பொருந்தவில்லை என்று சொல்லி விலக்குவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். இதற்குப் பதினைந்து நிமிடம் ஆனால் ஆகட்டும். விளக்கத்தை அவசரமாக முடித்துவிட்டுப் பயிற்சிக்குத் தள்ளுவது வீண்.

உங்கள் சிக்கல் இதற்கு அப்பால் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாடம் முடிந்த கையோடு செய்யும் பயிற்சியில், எந்தத் திறனைப் பயன்படுத்துவது என்ற கேள்வியே பிள்ளைக்கு எழுவதில்லை; அதைப் பாடமே சொல்லிவிட்டது. கட்டுரை எழுதும்போது அப்படிச் சொல்ல யாரும் இல்லை. எது எங்கே தேவை என்று தேர்ந்தெடுப்பது தனியானதொரு திறன், அதை நாம் பெரும்பாலும் கற்பிப்பதே இல்லை. 2007இல் ரோரர், டெய்லர் என்னும் இரு ஆய்வாளர்கள், கனவடிவங்களின் கொள்ளளவு காணும் கணக்குகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அவர்கள் பெற்றது 20 விழுக்காடு, எல்லா வகைகளையும் கலந்து செய்தவர்கள் பெற்றது 63 விழுக்காடு. கணக்கில் கண்டது எழுத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சித்தாளில் விடை சரியாக இருப்பதையே கற்றதற்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு இது போதும்.

ஆகவே வாரத்துக்கு இரண்டு புதிய குறும்பாடங்களுக்குமேல் வேண்டாம். மிஞ்சும் நேரத்தில், முன்பு நடத்திய மூன்று நான்கு திறன்கள் தேவைப்படும் ஒரு சிறு பத்தியை, எந்தத் திறனின் பெயரையும் சொல்லாமல், எழுதவோ திருத்தவோ கொடுங்கள். எழுதிய பிறகு, தாம் எங்கே எதைப் பயன்படுத்தினோம் என்று அவர்களே ஓரத்தில் குறிக்கட்டும். குறிக்கத் தெரியாத பிள்ளைக்கு எந்தப் பாடத்தை மீண்டும் நடத்துவது என்று அப்போது உங்களுக்குத் தெரியும். சொல்வதற்கு ஒரு கருத்து இருப்பது மட்டும் எந்தக் குறும்பாடத்திலும் வராது. அதற்கு வாசிப்பும் பேச்சும் வேண்டும், அந்த நேரத்தை இதற்காகக் குறைத்துவிடாதீர்கள். கட்டுரையைத் திருத்தும்போதும் அந்த மாதம் கற்பித்த திறன்களை மட்டும் பாருங்கள். மற்றப் பிழைகளைச் சில வாரங்களுக்கு விட்டுவைக்கலாம்.

அன்புடன்.