மோன்சாவின் முதல் வளைவு: ஸ்டீயரிங்கை மாற்றும் முன் பிரேக்கைப் பாருங்கள்

கேள்வி: அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே என்ற கார்ப் பந்தய விளையாட்டு ஆடுகிறேன். லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங், 27 அங்குல மானிட்டர். இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தில் ஜிடி3 வகைப் பந்தயக் காரைத் தனியாக ஓட்டினால் 1 நிமிடம் 50 விநாடியில் சுற்று முடிகிறது. ஆன்லைன் போட்டியில் முதல் வளைவிலேயே யாரையாவது இடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் வெளியேறும்போது கார் சுழல்கிறது. பாதுகாப்பு மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது. டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங் (மோட்டாரோடு நேரடியாக இணைந்தது) வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. 1:50 ஓட்டுகிறவருக்கு ஸ்டீயரிங் தடையில்லை. நீங்கள் சொல்கிற இரண்டு கோளாறுகளும் பிரேக்கில்தான் தொடங்குகின்றன. செலவு செய்தே தீருவது என்றால் முதலில் லோட் செல் பிரேக் பெடல் வாங்குங்கள், ஸ்டீயரிங் பிறகு. ஜி29 பெடல் எவ்வளவு தூரம் அழுந்தியது என்பதை அளக்கிறது. லோட் செல் எவ்வளவு பலமாக மிதித்தீர்கள் என்பதை அளக்கிறது. காலுக்குத் தூரத்தைவிட பலம் நன்றாக நினைவிருக்கும்.

அதற்கும் முன் காசில்லாத வேலைகள் சில உண்டு. பெடலைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினால் சக்கரங்களைக் கட்டிவிடுங்கள். மிதிக்கும்போது நாற்காலி பின்னால் போனால் ஒவ்வொரு முறையும் பிரேக் வேறு மாதிரிதான் விழும். ஜி29 பிரேக்குக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. பாதிக்கு மேல் பெடல் இறுகுவது அதனால்தான். நீங்கள் வசதியாக மிதிக்கும் உச்சத்தில் திரையிலுள்ள பிரேக் பட்டை 100% தொடுகிறதா என்று பாருங்கள். தொடாவிட்டால் அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். தொடக்கத்திலேயே பிரேக் கடுமையாகப் பிடித்தால் பிரேக் காமாவை (மிதிப்புக்கு ஏற்ப பிரேக் எப்படி ஏறுகிறது என்பதை மாற்றும் அமைப்பு) 1-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஸ்டீயரிங் சுழற்சி லாஜிடெக் மென்பொருளிலும் விளையாட்டிலும் 900 பாகை என்றே இருக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் நீங்கள் திருப்புவதும் கார் திரும்புவதும் ஒத்துவராது.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் கெயினை, அதாவது ஸ்டீயரிங் மோட்டார் கைக்குத் தரும் விசையின் அளவை, அதிகம் வைக்கிறவர்கள் ஏராளம். கை வலித்தால்தான் நிஜம் என்று ஒரு நம்பிக்கை. ஜி29 மோட்டார் சிறியது. அதன் எல்லையைத் தாண்டியதும் பலமான விசையும் மிகப் பலமான விசையும் கைக்கு ஒன்றாகவே தெரியும். முன் டயர் பிடி விடும் நேரத்தில் ஸ்டீயரிங் லேசாக வேண்டும், அந்தச் செய்தியே வந்து சேராது. திரையில் ஃபீட்பேக் பட்டை கெர்ப் (தடத்தின் ஓரத்து மேடு) மீது ஏறும்போது மட்டும் சிவப்பாகும்வரை கெயினைக் குறையுங்கள்.

பார்வைக் கோணம், அதாவது திரையில் எவ்வளவு அகலக் காட்சி தெரிகிறது என்பது, கணக்குப் போட்டு வைக்க வேண்டியது. 27 அங்குலத் திரை ஏறத்தாழ 60 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம். கண்ணுக்கும் திரைக்கும் 70 செ.மீ. தூரம் இருந்தால் சரியான கிடைமட்டக் கோணம் சுமார் 46 பாகை, செங்குத்துக் கோணம் சுமார் 27. ஐரேசிங் என்ற பந்தய விளையாட்டு கிடைமட்டக் கோணத்தைக் கேட்கும், அசெட்டோ கோர்சா செங்குத்துக் கோணத்தைக் கேட்கும். இதை மாற்றி நிரப்பிவிட்டு “கார் மிதக்கிறது” என்று புலம்புகிறவர்கள் உண்டு. செங்குத்துக் கோணம் 27 பாகை வைத்தால் குழாய்க்குள் பார்ப்பது போல இருக்கும். பக்கத்துக் காரும் தெரிய வேண்டுமே என்று 35 வரை ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் வளைவு உள்ளதைவிடத் தொலைவில் தெரியும், பிரேக் தாமதமாகும். திரையைக் கண்ணுக்கு அருகே இழுப்பது இன்னும் நல்லது.

இனி பிரேக்குக்கு வருவோம். மோன்சாவின் நேர்ச்சாலை முடிவில் ஜிடி3 கார் 270 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிடும். அங்கே காற்று காரைச் சாலையோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு மாறுவது: வேகம் 135 ஆகும்போது அழுத்தம் பாதியல்ல, கால்வாசி. ஆகவே முதல் நொடியில் தாங்கிய பிரேக்கை வளைவுக்கு அருகே டயர் தாங்காது. முதலில் ஓங்கி மிதித்து, வேகம் குறையக் குறையக் காலை எடுத்துக்கொண்டே வர வேண்டும். ஜி29-இல் பழகியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மெல்ல மிதிக்கத் தொடங்கி, கடைசியில் அழுத்தி, பட்டென்று விடுகிறார்கள். பட்டென்று விட்டால் மூக்கு மேலே எழும்பும், முன் டயரின் பாரம் குறையும், கார் திரும்பாது. கை இன்னும் அதிகம் திருப்பும். பிறகு முன் டயர் பிடிக்கும்போது பின்பக்கம் சுழன்று வரும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது சக்கரம் பூட்டாமல் காக்கும். பிரேக்கிலேயே செலவாகிவிட்ட பிடியைத் திருப்புவதற்குக் கொண்டுவந்து தராது.

முதல் வளைவு வலம், உடனே இடம். நீங்கள் சுழல்வது அநேகமாக அந்த இடப்பக்கம் முடியும் இடத்தில். ஸ்டீயரிங் திரும்பியிருக்கும்போதே ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கிறீர்கள். ஸ்டீயரிங் வளையத்தையும் பெடலையும் ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஸ்டீயரிங் எவ்வளவு நேராகிறதோ அவ்வளவுதான் மிதிக்கலாம். உள்பக்கத்து உயர்ந்த கெர்ப்பில் ஏறாதீர்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோலை (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காப்பது) ஒரு படி ஏற்றுங்கள். பிரேக் போடும்போதே பின்பக்கம் ஆடினால் பிரேக் பயாஸை (முன், பின் சக்கரங்களுக்கிடையே பிரேக் பங்கீடு) 1% முன்னுக்குத் தள்ளுங்கள்.

தனியாகச் சரியாக வருவது கூட்டத்தில் ஏன் கெடுகிறது? முதல் சுற்றில் டயர் அழுத்தம் ஏறியிருக்காது; ஈரமில்லாத சாலையில் அது 26-27 பிஎஸ்ஐ-க்கு வர இரண்டு மூன்று சுற்றாவது ஆகும். தொட்டி நிறைய எரிபொருள். முன்னால் கார் இருப்பதால் உங்கள் காருக்குக் காற்றழுத்தமும் குறைவு. இவற்றோடு வரிசையும் சுருங்குகிறது: முதல் கார் பிரேக் பிடித்ததும் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றும் சற்று முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பத்தாவது இடத்தில் இருக்கிறவர் வழக்கமாகப் பிரேக் பிடிக்கும் தூரப் பலகையை நம்பினால் இடிப்பது உறுதி. 50 மீட்டர் முன்னால் பிடியுங்கள். கண் முன்காரின் பம்பரில் இருக்கக் கூடாது, அதற்கும் இரண்டு கார் தள்ளி இருக்க வேண்டும்.

பிங் (சர்வருக்குச் செய்தி போய்வர ஆகும் தாமதம்) பற்றியும் யோசியுங்கள். 270 கி.மீ. என்றால் நொடிக்கு 75 மீட்டர். 150 மில்லி செகண்ட் தாமதத்தில் அது 11 மீட்டர், இரண்டு கார் நீளத்துக்கு மேல். திரையில் தெரியும் மற்றவர் கார் பாதி ஊகம்தான். சென்னையிலிருந்து ஐரோப்பிய சர்வரில் ஆடும்போது கதவோடு கதவு உரசி ஓட்டாதீர்கள். வைஃபையை விட்டு கேபிளைப் பொருத்துங்கள். தாமதம் குறையாவிட்டாலும் அது திடீரென ஏறி இறங்குவது குறையும்.

மதிப்பெண்ணை மீட்க ஒரு வழி: இந்த விளையாட்டில் பாதுகாப்பு மதிப்பெண் ஏறுவது மற்ற கார்களுக்கு அருகில் மோதாமல் ஓட்டும் தூரத்தால். தனியாக முன்னால் ஓடினால் பெரிதாக ஏறாது. ஆகவே தகுதிச் சுற்றில் அவசரப்படாமல் பின்வரிசையில் தொடங்கி, ஒரு விநாடி இடைவெளியில் ஒருவரைத் தொடர்ந்து போங்கள். அவர் எப்படியும் எங்காவது தவறுவார். சுழன்றுவிட்டால் பிரேக்கை முழுக்க மிதித்து நின்ற இடத்திலேயே நில்லுங்கள். உருண்டு போகும் காரைத்தான் பின்னால் வருகிறவரால் கணிக்க முடியாது. கூட்டம் கடந்தபின், ஓடுபாதைக்குக் குறுக்கே வராமல் ஓரமாகவே சேர்ந்துகொள்ளுங்கள்.