மூளைத் தாளமும் மனச்சோர்வும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு மூளைக்குள் மின்முனை பதிக்கும் சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சோர்வில் மூளை அலைகளின் தாளம் கெடுகிறது, மின்தூண்டல் அதைத் திருத்துகிறது என்று புரிந்துகொண்டேன். சரியா? அப்படியானால் ‘ஆல்பா இசை’ என்று காதில் மாட்டிக்கொண்டு கேட்கச் சொல்கிறார்களே, அதுவும் இதைத்தானே செய்கிறது?

ம.

அன்புள்ள ம.,

இசையை முதலில் முடித்துவிடுகிறேன். ஆல்பா அலை வேண்டுமென்றால் கண்ணை மூடினால் போதும், பெரும்பாலோருக்குத் தலையின் பின்பக்கம் தானாகவே எழும். மனித மூளை அலைகளைப் பற்றி முதன்முதலில் எழுதிய ஹான்ஸ் பெர்கர் காலத்திலேயே, அதாவது 1929லேயே, தெரிந்த விஷயம் இது. கண்ணை மூடி யாருக்கும் மனச்சோர்வு தீர்ந்ததில்லை. இசை பிடித்திருந்தால் கேளுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் முதல் கேள்வியில் பாதி சரி. தாளம் மாறுகிறது. ஆனால் கருவி சரியான தாளத்தை வாசித்துக் காட்ட, மூளை அதைப் பிடித்துக்கொள்கிறது என்பதல்ல. வழக்கமாக அது நொடிக்கு சுமார் 130 துடிப்புகளை அனுப்புகிறது. மூளை அலைகளின் வேகமோ இதைவிட மிகக் குறைவு: ஆல்பா நொடிக்கு 8 முதல் 13, பீட்டா 13 முதல் 30. பார்க்கின்சன் நோயில் விஷயம் தெளிவு. அங்கே நரம்பணுக்கள் பீட்டாவில் ஒரேயடியாகச் சேர்ந்து துடிக்கின்றன, தூண்டல் அந்தக் கூட்டுத்துடிப்பைத் தளர்த்துகிறது, நடுக்கமும் விறைப்பும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறையும். மனச்சோர்வில் அப்படி ஒற்றைக் குற்றவாளி அகப்படவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2021இல் ஒரு நோயாளிக்கு உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் வேகமான காமா அலைதான் சோர்வு கூடுவதன் அடையாளமாக இருந்தது. அது எழும்போது மட்டும் வேறோரிடத்தில் 6 நொடி தூண்டினார்கள். ஆனால் இன்னொருவர் மூளையில் அதே அலையைத் தேடினால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அப்புறம், நேரம். தாளத்தைத் திருத்துவது மட்டுமே சிகிச்சை என்றால் ஸ்விட்சைப் போட்டதும் சரியாகிவிட வேண்டும். அறுவை அறையிலேயே சிலருக்கு மனம் லேசாவதுண்டு, பீட்டா இறங்குவதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் நிலையான தேறுதலுக்கு வாரங்கள், மாதங்கள் ஆகின்றன. டொராண்டோவில் மருத்துவர்கள் ஹெலன் மேபெர்க், ஆண்ட்ரெஸ் லோசானோ குழு 2005இல் 6 பேருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்ததில், ஆறு மாதம் கழித்து 4 பேர் தேறியிருந்தார்கள். பின்னால் 90 பேரை வைத்துச் செய்த சோதனையில், ஆறு மாத முடிவில் தூண்டல் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சோதனையை நிறுத்திவிட்டார்கள். அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்தபோது இரண்டாம் ஆண்டில் பாதிப்பேர் அளவுக்குத் தேறியிருந்தார்கள். அந்தக் கட்டத்தில் எல்லோருக்குமே தூண்டல் இருந்தது, ஒப்பிட ஆளில்லை. எனவே இதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். ஆனாலும் மூளை மெதுவாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது, மின்சாரம் அதற்கு வழிவிடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

தாளத்தின் பயன் எனக்கு வேறிடத்தில் தெரிகிறது. தேறி வரும் ஒருவர் ஒருநாள் “மனசே சரியில்லை” என்கிறார். நோய் திரும்புகிறதா, எல்லோருக்கும் வரும் வருத்தமா? அவருக்கே தெரியாது. மின்னழுத்தத்தைக் கூட்டுவதா, சும்மா விடுவதா என்று மருத்துவர் எப்படி முடிவெடுப்பார்? தூண்டிக்கொண்டே பதிவும் செய்யும் கருவியை 10 பேருக்குப் பொருத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. 24 வாரத்தில் 9 பேர் தேறினார்கள், அதில் 7 பேருக்கு நோய் ஏறக்குறைய விலகியிருந்தது. பதிவான அலைகளைக் கணினிக்குக் கொடுத்து, நோயுற்ற நிலையையும் தேறிய நிலையையும் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு ஓர் அலை மட்டும் போதவில்லை, பல அலைகளின் கலவை தேவைப்பட்டது. தேறிய ஒருவருக்குப் பிறகு நோய் திரும்பியது. அவருடைய பதிவைப் பின்னோக்கிப் பார்த்தபோது, கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல்களில் அவர் நன்றாக இருந்த வாரங்களிலேயே அலைகள் நோய்ப்பக்கம் சாய்ந்திருந்தன.