சின்னக் கைகளுக்கு ஏற்ற வேலை: குழந்தைகளின் கைவேலை, விளையாட்டு பற்றிய கேள்வி பதில்

அக்கா, என் மகளுக்கு 3 வயது. கத்தரிக்கோல் வேண்டும் என்று ஒரே அடம். கொடுக்கலாமா?

கொடுங்கள். முனை மழுங்கியதாக, அவள் கைக்கு அடங்கும் அளவில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். இந்த வயதில் கோட்டின் மேல் வெட்ட வராது. கெட்டிக் காகிதத்தை விரல் அகலத்தில் நீள நீளமாக நறுக்கிக் கொடுத்தால், ஒரு வெட்டுக்கு ஒரு துண்டு விழும். மூன்று வயதுக்கு அதுவே பெரிய வேலை. மெல்லிய தாள் வேண்டாம், கத்திகளுக்கு நடுவே மடங்கிக்கொண்டு குழந்தையை வெறுப்பேற்றும். பழைய அழைப்பிதழ் அட்டை அருமையாக வெட்டுப்படும். நேர்கோடு ஏறத்தாழ 4 வயதில் வரும், வளைவு 5 வயதை ஒட்டி வரும். கட்டைவிரல் மேல்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வளைவு வெட்டும்போது காகிதத்தைத்தான் திருப்ப வேண்டும், கத்தரிக்கோலை அல்ல.

அவள் இடக்கைப் பழக்கம் உள்ளவள் என்றால் இடக்கைக் கத்தரிக்கோலே வாங்குங்கள். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையால் பிடித்தால் மேல்கத்தி கோட்டை மறைத்துவிடும். விரல்கள் அழுத்தும் திசையும் மாறிப்போய் கத்திகள் விலகும். வெட்டுப்படாதது குழந்தையின் குறை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

வீட்டிலேயே விளையாட்டு மாவு பிசைந்தேன். கையில் ஒட்டுகிறது, சீக்கிரமே பூஞ்சையும் பிடித்துவிட்டது. என்ன குறை?

உப்பு குறைந்திருக்கும், மாவையும் வேகவைத்திருக்க மாட்டீர்கள். ஒரு கப் மைதா, அரை கப் பொடி உப்பு, ஒரு கப் தண்ணீர், 1 மேசைக்கரண்டி எண்ணெய், 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் கூழாக இருக்கும், பிறகு திடீரென்று திரண்டு பாத்திரத்தின் ஓரத்தை விட்டுவிடும். அதுதான் பதம். வெதுவெதுப்பாக ஆறியதும் வழவழப்பாகும் வரை பிசையுங்கள். இன்னும் ஒட்டினால் மாவைச் சேர்க்காமல், மறுபடி சற்று நேரம் அடுப்பில் கிளறுங்கள். தண்ணீர் வற்றினாலே சரியாகிவிடும்.

பூஞ்சையைத் தள்ளிவைப்பது உப்புதான். காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் சில வாரங்கள் தாங்கும். நிறம் மாறினாலோ வாடை வந்தாலோ தூக்கிப் போடுங்கள். அதே உப்பு காரணமாக, இந்த மாவை நிறையத் தின்றால் உடம்புக்குக் கெடுதல். நக்கிப் பார்த்தால் பயமில்லை. எல்லாவற்றையும் வாயில் போடும் வயதுக் குழந்தையையும் வீட்டு நாயையும் மட்டும் மாவோடு தனியே விடாதீர்கள்.

முக்கியமான ஒன்று: அச்சுகளை உடனே கொடுத்துவிடாதீர்கள். முதலில் வெறும் கை. உருட்டட்டும், தட்டட்டும், கிள்ளட்டும், பாம்பு திரிக்கட்டும். பின்னால் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு இந்தக் கிள்ளலும் உருட்டலும் நல்ல பயிற்சி.

மூத்தவளுக்கு 5 வயது, மணி, மினுமினுப்புத் தூள் எல்லாம் கேட்கிறாள். சின்னவனுக்கு ஒன்றரை வயதுதான். எப்படிச் சமாளிப்பது?

அவன் தூங்கும் நேரத்தில் மேசை மேல் மட்டும். முடிந்ததும் தரையைக் கூட்டிவிடுங்கள். கழிப்பறைக் காகித உருளையின் நடுத் துளைக்குள் புகுந்துவிடும் எதுவும் 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஆகாது. மினுமினுப்புத் தூள் கண்ணில் பட்டால் உறுத்திக் கீறும். அதற்குப் பதில் காய்ந்த இலைகளையும் வண்ணத் தாளையும் துளைக்கருவியால் குத்திப் பொட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள், அழகாகவே இருக்கும். பட்டன் பேட்டரி, சின்னக் காந்தம், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் மணி ஆகிய மூன்றையும் இந்த வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பேரனுக்கு 4 வயது. விளையாட்டில் தோற்றால் பலகையைத் தட்டிவிட்டு அழுகிறான். நான் வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கலாமா?

எப்போதாவது தோற்றுக் கொடுக்கலாம் ஐயா, அதையே வழக்கமாக்க வேண்டாம். இந்த வயதில் தோல்வி நிஜமாகவே வலிக்கும். அதனால் கொஞ்ச நாள் நீங்களும் அவனும் ஒரே அணியாக இருங்கள். பலூனைத் தரையில் விழாமல் இருவரும் எத்தனை முறை தட்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள். நேற்றைய எண்ணிக்கைதான் எதிரி. (பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், தொண்டையில் அடைக்கும்.) பாட்டு நின்றதும் சிலையாக நிற்கும் ஆட்டமும் நல்லது, அசைந்தவரை வெளியேற்றாமல் ஆடுங்கள். தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளப் பழகுவது அந்த ஆட்டத்தில்தான். பலகை ஆட்டத்துக்குத் திரும்பும்போது பகடை மட்டுமே தீர்மானிக்கும், சீக்கிரம் முடியும் ஆட்டமாக எடுங்கள். நீங்கள் தோற்கும் போது, "அட, போச்சே! சரி, இன்னொரு ஆட்டம்" என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள்.

ஒவ்வொரு பருவத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வழக்கம் வேண்டும் என்று ஆசை. குழந்தைகளுக்கு 4, 6 வயது. கடையில் வாங்கும் பொருளாக இல்லாமல் ஏதாவது சொல்லுங்களேன்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நான் முதலில் சொல்வது நிழல். மாதம் ஒரு முறை, வெயில் உள்ள நாளில், அதே இடத்தில், அதே மணிக்குப் பிள்ளைகளை நிற்கவைத்து நிழலைச் சாக்பீஸால் வரையுங்கள். காலிலிருந்து தலை வரை ஒரு நூலால் அளந்து வெட்டி, மாதப் பெயரோடு சுவரில் ஒட்டுங்கள். வானத்தில் சூரியன் போகும் பாதை மாற மாற நூலின் நீளமும் மாறும். வருடக் கடைசியில் சுவரில் பன்னிரண்டு நூல்கள் தொங்கும். பருவம் என்பதை நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது.

அடுத்தது ஒரு மரம். நடக்கும் தூரத்தில் உள்ள ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். துளிர், பூ, காய், உதிர்வு என ஒவ்வொன்றின் போதும் போய்ப் பார்த்து, ஒரு இலையை எடுத்து வாருங்கள். நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் தாளில் எழும். இலையையும் வைத்துக்கொள்ள ஆசையா? பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் சில நாட்கள் தாளை மாற்றினால் கறுக்காமல் காயும்.

நிலவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு முழுநிலவிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய 29½ நாள். தினம் ஒரு வட்டம் வரைந்து, தெரிந்த அளவுக்கு மஞ்சள் தீட்டட்டும். மேகம் மூடிய நாளில் மேகத்தையே வரையட்டும். மூன்றையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். ஒன்று நிலைத்தால் போதும்.

மகன் வரைந்ததில் தலையிலிருந்தே கால் முளைக்கிறது. திருத்தலாமா?

வேண்டாம். 3, 4 வயதில் நிறையக் குழந்தைகள் அப்படித்தான் வரைவார்கள், உடம்பு தானாக வந்து சேரும். "இது என்ன?" என்று கேட்பதைவிட, "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேளுங்கள்.

ஆன்ட்டி, எனக்கு 9 வயது. தம்பிக்கு 5. அவனுக்கு ஒரு மந்திரம் செய்து காட்டணும்.

வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டால் அழுத்தி அவன் பெயரை எழுது, கண்ணா. எதுவும் தெரியாது. வாட்டர் கலரை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, அவனையே தூரிகையால் பூசச் சொல். மெழுகில் தண்ணீர் ஒட்டாது, அதனால் பெயர் வெள்ளையாக எழும். நீலமோ பச்சையோ எடுத்துக்கொள், வெளிர் மஞ்சளில் சரியாகத் தெரியாது. அப்புறம் மெழுகை அவன் கையில் கொடுத்து, உனக்கு ஒரு ரகசியம் எழுதச் சொல்.