பல வருடமாகக் குதிரை ஏறுகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டுமா?

கேள்வி: கல்லூரி நாளிலிருந்து குதிரை ஏறுகிறேன். இப்போது வயது 47. நான் வழக்கமாகப் போகும் பயிற்சிப் பள்ளியில் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறார்கள்: குதிரை மேல் உட்காருவது யாராக இருந்தாலும் ஹெல்மெட் கட்டாயம். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்குச் சரி, எனக்கு எதற்கு? நான் கீழே விழுந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏறுவதும் என் சொந்தக் குதிரை. பதினெட்டு வயதுக் கிழவி, அதிர்ந்து நடக்க மாட்டாள். தடை தாண்டுவது, பந்தயம் எதுவும் கிடையாது. ஹெல்மெட் போட்டால் அரை மணியில் தலைவலி, வியர்வை. பிரிட்டன் ராணி எலிசபெத் 94 வயதிலும் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டுதான் ஏறினார். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவுக்கோ ஹெல்மெட் போட்டிருந்தும் கழுத்து முறிந்தது. விதியை எதிர்த்துப் பேசட்டுமா, வேறு பள்ளி பார்க்கட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். ஹெல்மெட்டைப் போடுங்கள், ஏறும் ஒவ்வொரு முறையும். ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் காரணங்கள் எல்லாம் குதிரைக்காரர்கள் கூடும் இடத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழுபவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம்.

பத்து வருடமாக விழவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். குதிரையின் காது திரும்புவதை வைத்தே அடுத்து அது என்ன செய்யப்போகிறது என்று சொல்லிவிடும் பழக்கம் உங்களுக்கு வந்திருக்கும். அந்தப் பழக்கம் விழும் தடவைகளைக் குறைக்கும். விழ ஆரம்பித்த பிறகு அதற்குப் பெரிய வேலை இல்லை. நடுத்தர உயரமுள்ள குதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் தலை தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேராக விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். குதிரை ஓடவே வேண்டாம், நின்றுகொண்டிருந்தாலும் இதே கணக்குதான். விழுந்து முடிக்க முக்கால் விநாடிகூட ஆகாது. "எனக்கு உருண்டு விழத் தெரியும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. தோள் முதலில் தரையில் படுகிற மாதிரி விழுந்தால் அந்த வித்தை கைகொடுக்கும். குதிரை முன்னங்கால் மடிந்து, அதன் கழுத்தைத் தாண்டித் தலைகீழாகப் போனால் எந்தப் பக்கம் உருள்வது என்று முடிவு செய்யவே நேரம் இருக்காது.

கர்ட்னி கிங்-டை என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக டிரெஸாஜ் போட்டியில், அதாவது குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டியில், பங்கேற்றவர். குதிரையேற்றத்தில் உங்களையும் என்னையும்விடப் பல படி மேலே இருந்தவர். 2010 மார்ச்சில் வழக்கமான பயிற்சியின்போது அவர் ஏறியிருந்த குதிரை கால் தடுக்கி விழுந்தது. குதிரை துள்ளவில்லை, முரண்டு பிடிக்கவில்லை, தடை எதையும் தாண்டவும் இல்லை. அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. மண்டையோடு உடைந்து பல வாரம் கோமாவில் கிடந்தார். பிறகு நடக்கவும் பேசவும் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. தேறிய பிறகு ஹெல்மெட்டுக்காகப் பிரசாரம் செய்கிறவர்களில் முக்கியமான ஒருவராக ஆனார்.

இந்த இடத்தில் உங்கள் கிழவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதுவான குதிரை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பதினெட்டு வயதில் பல குதிரைகளுக்கு மூட்டு தேய ஆரம்பித்திருக்கும், குளம்பை முன்போல் உயர்த்தி வைக்காது. சமதரையிலேயே இடறும். பார்வையும் மங்கலாம். நேற்று வரை கண்டுகொள்ளாத ஒரு பிளாஸ்டிக் பையைப் பார்த்து இன்றைக்கு ஒதுங்கிப் பாயும். இதில் அதன் குணத்துக்குச் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, மெதுவாக நடத்திப் போகும்போதுதான் நாம் கடிவாளத்தைத் தளர்த்தி, கால் வைக்கும் வளையமான ஸ்டிரப்பிலிருந்து காலை எடுத்து, பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டு போவோம். சில பேர் போனையும் எடுப்பார்கள். பாய்ச்சலில் போகும்போது யாரும் அப்படி உட்காருவதில்லை. ஏறும் நொடியும் அப்படித்தான். ஒரு கால் ஸ்டிரப்பில், உடம்பு முழுக்க ஒரே பக்கம், சேணத்தின் வார் கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும். எனவே "இன்றைக்கு நடை மட்டும்தானே" என்று ஹெல்மெட்டை லாயத்தில் மாட்டிவிட்டுப் போவதில் அர்த்தம் இல்லை.

பழகியவர்களிடம் நான் கவனித்த வேறொரு விஷயமும் இருக்கிறது. மற்றவர்கள் ஏறத் தயங்கும் குதிரை அவர்களிடம்தான் வந்து சேரும். "இதைக் கொஞ்சம் பாருங்களேன், ரெண்டு நாளாக அடம் பிடிக்கிறது" என்று யாராவது கடிவாளத்தைக் கையில் கொடுத்தால் நீங்கள் மறுப்பீர்களா?

சரி, ராணிக்கு வருவோம். 2020-ல் வின்ட்சரில் எடுத்த அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். 94 வயதில் ஸ்கார்ஃபோடு குட்டைக் குதிரை மேல் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஆனால் ஸ்கார்ஃபோடு ஏறி ஒன்றும் ஆகாதவர்களின் படம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. ஏறிப் படுத்த படுக்கையானவர்களை யாரும் அட்டைப்படமாகப் போடுவதில்லை. அவருடைய மகள் ஆன் சின்னப் பிள்ளையிலிருந்து குதிரையோடு வளர்ந்தவர், 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காகக் குதிரை ஏறியவர். 2024 ஜூனில் தன் பண்ணையில் நடந்துகொண்டிருந்தபோது தலையில் அடிபட்டு, மூளை அதிர்ச்சியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குதிரையின் தலையோ காலோ பட்டிருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் ஊகம். என்ன நடந்தது என்பது அவருக்கே ஞாபகம் இல்லை. அப்போது அவர் குதிரை மேல்கூட இல்லை. உதைக்கும் பழக்கமுள்ள குதிரைக்குக் குளம்பு பார்க்கும்போதும், வண்டியில் ஏற்றி இறக்கும்போதும் ஹெல்மெட்டோடு நிற்பவர்களைப் பார்த்தால் சிரிக்காதீர்கள்.

ரீவ் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மைதான். 1995 மே மாதம் வர்ஜீனியாவில் நடந்த போட்டியில் அவருடைய குதிரை தடைக்கு முன் சட்டென்று நின்றுவிட்டது. அவர் முன்னால் போய் விழுந்து கழுத்து முறிந்தது. தலையில் ஹெல்மெட் இருந்தது. ஆனால் ஹெல்மெட் கழுத்தைக் காப்பாற்றும் என்று யாரும் சொல்லவில்லையே? விலா எலும்பையும் இடுப்பையும்கூடக் காப்பாற்றாது. மூளை அதிர்ச்சி அறவே வராது என்றும் சொல்ல முடியாது. மண்டையோடு பிளப்பதையும் மூளையில் பலமான காயம் ஏற்படுவதையும் நன்றாகக் குறைக்கும், அதுதான் அதன் வேலை. கழுத்தைக் காப்பாற்றாது என்பதற்காகத் தலையையும் விட்டுவிடுவதா?

அந்த வேலையை அது எப்படிச் செய்கிறது என்பது தெரிந்தால் பல குழப்பம் தீரும். வெளியே இருக்கும் கெட்டியான ஓடு அடியைப் பரப்புகிறது, கல்லோ குளம்போ உள்ளே துளைக்காமல் தடுக்கிறது. முக்கியமான வேலை உள்ளே இருக்கும் பட்டைக்குத்தான். டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோல் வகைதான் அது, இன்னும் அடர்த்தியாக இருக்கும். வெறும் தலை தரையில் மோதினால் சில மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். தெர்மாகோல் இருந்தால் அது நசுங்க நசுங்க, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் பயணம் செய்து நிற்கும். நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, தலையில் விழும் அடியின் விசை அத்தனை மடங்கு குறையும். ஆனால் ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் பலமாக விழுந்த ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தாலும் மாற்றச் சொல்கிறார்கள். விழாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வெயிலில் நிறுத்தும் காருக்குள் அதைப் போட்டு வைக்காதீர்கள், சூடு அந்தப் பட்டையைக் கெடுத்துவிடும்.

இப்போது தலைவலி. உங்கள் கடிதத்தில் நான் முழுதாக ஒப்புக்கொள்ளும் புகார் இது ஒன்றுதான், காரணமும் அனேகமாக எனக்குத் தெரியும். உங்கள் ஹெல்மெட்டின் வடிவம் உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை. சுற்றளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. சிலருக்குத் தலை மேலிருந்து பார்த்தால் வட்டமாக இருக்கும், சிலருக்கு முன்பின்னாக நீண்டிருக்கும். நீண்ட தலையில் வட்ட ஹெல்மெட்டை மாட்டினால் நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்தும், காதுக்கு மேலே இடைவெளி விழும். உங்களுக்கு நெற்றியில்தானே வலிக்கிறது? அடுத்த முறை வாங்கும்போது தாடைப் பட்டையைப் போடாமல் தலையில் வையுங்கள். விளிம்பு புருவத்துக்கு ஒன்றிரண்டு விரல்கடை மேலே, படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். பிறகு ஹெல்மெட்டைக் கையால் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அதோடு சேர்ந்து நெற்றித் தோலும் புருவமும் அசைந்தால் சரியான அளவு. தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரிசு. அந்தக் கடையிலேயே ஒரு கால் மணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் சரி. எங்காவது ஒரே புள்ளியில் வலித்தால் வேறு கம்பெனியைப் பாருங்கள்.

வியர்வைக்கு, காற்று போகும் துளை உள்ளவையும், துவைத்து மாட்டுகிற உள்துணி உள்ளவையும் இருக்கின்றன. வியர்க்கவே வியர்க்காது என்று பொய் சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் குதிரையேற்றத்துக்கான தரச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கத் தரம் என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்றும் எஸ்இஐ என்றும் போட்டிருக்கும். பிரிட்டன் தரத்துக்கு பிஏஎஸ் 015. அழகான வெல்வெட் தொப்பிகளில் சில வெறும் அலங்காரம், சான்று இருக்காது. சைக்கிள் ஹெல்மெட், பைக் ஹெல்மெட் இரண்டும் இதற்கு ஆகாது. முதலாவது குளம்படி போன்ற கூரான அடிக்காகச் சோதிக்கப்பட்டதில்லை. இரண்டாவது கனம் அதிகம், பக்கவாட்டுப் பார்வையையும் காதையும் மறைக்கும்.

ஹெல்மெட் போட்டால் கௌரவம் குறைகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் வரிகளுக்கு நடுவே அது எனக்குக் கேட்டது. பழகியவன் என்பதற்கு அடையாளமே வெறும் தலைதான் என்ற நினைப்பு பல இடங்களில் இருந்தது. உயர்நிலை டிரெஸாஜ் போட்டிகளில் கறுப்பு நிற உயரத் தொப்பிதான் மரியாதையாக இருந்தது. 2009-ல் விழுந்து மண்டையோட்டில் விரிசல் கண்ட சார்லட் டுஜார்டின், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அந்த மரபை ஒதுக்கிவிட்டு ஹெல்மெட்டோடு வந்து தங்கம் வாங்கினார். (2024-ல் குதிரையைச் சாட்டையால் அடித்த வீடியோ வெளிவந்து அவர் பெயர் கெட்டது. அது வேறு கதை.) சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜனவரி 1 முதல் டிரெஸாஜ் உட்பட எல்லாருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. உலகத்தின் தலைசிறந்தவர்களே போட்டுக்கொண்டு ஏறுகிறார்கள், அவர்களுடைய மரியாதை எங்கும் போகவில்லை.

பெரியவர்களுக்கு இதைச் சட்டமாகவே போட வேண்டுமா என்று கேட்டால் எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. உங்கள் நிலம், உங்கள் குதிரை, உங்கள் தலை என்றால் முடிவும் உங்களுடையது. ஆனால் ஏறுவது அவர்களுடைய பள்ளியில். நீங்கள் விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள். அங்கே கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் பயிற்சியாளர் சொல்வதைவிட உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஹெல்மெட் என்பது புதியவர்களுக்கானது என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டால், கொஞ்சம் நன்றாக ஏறத் தெரிந்ததும் முதலில் கழற்றுவது அதைத்தான்.

ஒரு விஷயம் மட்டும் தனியாக. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், தலையில் சின்ன அடி பட்டாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை இல்லாவிட்டாலும் தலை தரையில் மோதிய அன்று மறுபடி ஏற வேண்டாம். நினைவு தப்பவில்லை என்பதை வைத்து மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு செய்ய முடியாது. தலைசுற்றல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் இருந்தால் தாமதிக்காதீர்கள்.

அப்புறம், புதிது வாங்கியதும் பழைய ஹெல்மெட்டை லாயத்து ஆணியில் அப்படியே மாட்டிவிட்டு வராதீர்கள். தாடைப் பட்டையைக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். இல்லாவிட்டால் ஹெல்மெட் கொண்டுவர மறந்த யாராவது ஒரு பிள்ளை அதை எடுத்து மாட்டிக்கொள்ளும்.