குழி தோண்டுற கேம்ப்ல அடுப்படி மட்டும் பொம்பிளப் புள்ளைகளுக்கா?

வாசகி கடிதம்: அக்கா, நான் வரலாறு படிக்கிற ரெண்டாம் வருச மாணவி, ஊர் மட்டக்களப்பில களுவாஞ்சிகுடிப் பக்கம். வாற ஜூலையில உன்னிச்சைக்கு அங்கால மூண்டு கிழமை தொல்லியல் களப்பயிற்சி இரிக்கு. பொடியனுகள் 12 பேர், நாங்க பொம்பிளப் புள்ளைகள் 8 பேர், சேர்மார் 2 பேர். மீட்டிங்ல சமையலப் பொம்பிளப் புள்ளைகள் பாத்துக்கொள்ளட்டும் எண்டு முடிவெடுத்து என்னைப் பொறுப்பாப் போட்டுட்டாங்க. வீட்டில சமைப்பன், ஆனா இத்தன பேருக்கு சமைச்சதில்ல, பிரிட்ஜ் இல்ல, தண்ணியும் பவுசர்ல தான் வருமாம். நான் தோண்டப் பழகத்தான் போறன் அக்கா. ஏலாது எண்டா திமிர் எண்டு சொல்லுவாங்க. என்ன செய்ற? (பெயர் வேண்டாம்)

தங்கச்சி, பொறுப்ப எடுங்க, ஆனா சமையல்காரியா எடுக்காதீங்க. இது ரெண்டும் வேற வேற வேல. சாமான் கணக்கு, என்ன சமைக்கிற, ஆர் எந்த நாள் அடுப்படியில நிக்கிற, காசு எவ்வளவு போகுது, இத நீங்க பாருங்க, கிண்டுறத எல்லாரும் கிண்டட்டும். களப்பயிற்சி எண்டுறது ஒரு பாடம், மண் நிறம் மாறுற இடத்தக் கண்ணால பாத்து, கரண்டியால சுரண்டி, இது வேற மண்படை எண்டு கைக்குத் தெரியிறது பக்கத்தில நிக்கிறவர்ட நோட்ஸப் பாத்து எழுதி வாற விஷயமில்ல. குழிக்குள்ள நிக்கிற நேரம்தான் வகுப்பு. எட்டுப் பேர அந்த வகுப்பில இரிந்து எடுத்து அடுப்படியில விட்டா அவங்க அந்தப் பாடத்த இழக்கிறாங்க, அவ்வளவுதான் விஷயம், இதில திமிர் எங்க இரிக்கு?

சேர்ட்ட போகக்குள்ள கையில ஒரு பேப்பரோட போங்க. மாணவர் 20 பேர், நாலு பேர் வீதம் அஞ்சு குழு. மூண்டு குழுவில ரெண்டு பொடியன் ரெண்டு பொம்பிளப் புள்ள, மத்த ரெண்டு குழுவில மூண்டு பொடியன் ஒரு பொம்பிளப் புள்ள, கணக்கு சரியா வரும் பாருங்க. ஒரு நாளைக்கு ஒரு குழு எண்டா மூண்டு கிழமையில ஒராளுக்கு நாலு நாள் அளவுதான் அடுப்படி விழும். அந்த நாளிலயும் ரெண்டு பேர் காலையில குழிக்குப் போய் பத்து மணிக்கு மத்த ரெண்டு பேரோட மாத்திக்கொள்ளலாம். "சேர், பொறுப்பு நான் எடுக்கிறன், ஆனா எல்லாரும் தோண்டணும் எல்லாரும் சமைக்கணும், பட்டியல் போட்டுக் கொண்டந்திரிக்கன்" எண்டு சொல்லிக் குடுங்க, சண்டை பிடிக்க ஒண்டுமில்ல. நான் இப்படியான கேம்ப்களில சமைச்சும் இரிக்கன் தோண்டியும் இரிக்கன், அடுப்படிய எல்லாரும் மாறி மாறிப் பாத்த கேம்ப்லதான் சாப்பாட்டுக்கு மொணமொணப்புக் குறைவு, ஏனெண்டா நாளைக்கு அவருக்கும் முறை வரும். சேர்மாரையும் தட்டுக் கழுவுற பட்டியல்லயாவது போடுங்க, நல்ல சேர் எண்டா வருவார்.

இன்னொண்டும் சொல்லணும், அடுப்படியக் கேவலமா நெனைச்சி நான் இதச் சொல்லல்ல. தொல்லியல்ல நிறைய நேரம் பழைய ஆக்கள்ட அடுப்படியத்தான் தேடுறாங்க. பாஹியங்கல குகையில 45,000 வருசத்துக்கு முந்தி இரிந்த சனம் குரங்கும் அணிலும் வேட்டையாடித் திண்டாங்க எண்டு தெரிஞ்சது அவங்க திண்டு போட்ட எலும்பால. மன்னார்ல மாந்தைத் துறைமுகத்த தோண்டினப்ப மண்ணைத் தண்ணிக்குள்ள போட்டுக் கலக்கி, மேல மிதந்து வாற கருகின துகள அரிச்செடுத்துப் பாத்து நெல்லு, மிளகு, கி.பி. 900 - 1100 அளவுக்குரிய ஒரு கராம்பு எல்லாம் கண்டிருக்காங்க. ஆரோ ஒரு பொம்பிளயோ ஆம்பிளயோ சமைக்கக்குள்ள அடுப்பில சிந்தினது ஆயிரம் வருசம் கழிச்சி சாட்சி சொல்லுது. அப்படியான எடத்தில நீங்க அடுப்பு மூட்டப் போறீங்க, அதனால உங்கட அடுப்பு அவங்கட அடுப்போட கலக்கக் கூடாது, இதுதான் கேம்ப் சமையல்ட முதல் சட்டம்.

ஜூலையில அந்தப் பக்கம் கச்சான் காத்து மேற்கு, தென்மேற்கில இரிந்துதான் அடிக்கும், வெக்கையா, புழுதியோட. அதனால சமையல் எடம் குழிக்கும் கூடாரத்துக்கும் கிழக்கால, நல்லாத் தள்ளி இரிக்கணும். மேற்கால வெச்சா சாம்பலும் கரித்தூளும் நேரா குழிக்குள்ள போய் விழும், எவ்வளவு பழசு எண்டு பாக்கிற கார்பன் காலக்கணிப்புக்கு எடுக்கிற கரித்துண்டு சின்னஞ்சிறிசு, அதில உங்கட நேத்தைய விறகுக்கரி கலந்தா எடுத்த சாம்பிளே பழுதாப் போகும். முடிஞ்சா விறக விட்டுட்டு 12.5 கிலோ கேஸ் சிலிண்டரும் பெரிய பேர்னரும் கேளுங்க, காஞ்ச புல்லுக்குள்ள கச்சான் காத்தில நெருப்புப் பொறி பறந்தா என்ன ஆகும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவல்ல. மறுகா, அடுப்புக்கோ குப்பைக்கோ கக்கூசுக்கோ சேர்ட்ட கேக்காம ஒரு சாண் கூட தோண்டப்படாது. 1940ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி அனுமதி எடுத்துத்தான் அகழாய்வு நடக்குது, அனுமதி இல்லாத பக்கத்தில குப்பைக்கிடங்கு வெட்டினா அதுவும் தோண்டின கணக்குத்தான். கோழி எலும்பு, மீன் முள்ளு எல்லாத்தையும் மூடி போட்ட வாளியில சேத்து வெளிய அனுப்புங்க, குழிப் பக்கம் ஆரும் கடிச்சிட்டு எறியக் கூடாது.

அடுப்படியில நிண்டுட்டு குழிக்குப் போறவங்க சோப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் போகணும். பானை ஓடு மண்பானைதானே, அது சமைச்ச எண்ணெய், கொழுப்ப உறிஞ்சி வெச்சிரிக்கும், அத லேப்ல பரிசோதிச்சி என்ன சமைச்சாங்க எண்டு பாக்கலாம், உங்கட கையில இரிக்கிற தேங்காயெண்ணெய் அதில படப்படாது. ஓடு கழுவுற பேசினும் பிரஷ்ஷும் வேற, சட்டி கழுவுற பேசின் வேற, நிறம் மாத்தி வாங்குங்க, அப்பதான் இருட்டில மாறுபடாது.

இனி தண்ணி. குடிக்க, சமைக்க, கை கால் கழுவ எல்லாம் சேத்து ஒராளுக்கு நாளுக்கு 15 லீட்டராவது வேணும், 22 பேருக்கு 330 லீட்டர், அப்ப ஆயிரம் லீட்டர் டாங்க் ஒண்டு மூண்டு நாளைக்குத்தான் காணும். குளிக்கிறது இதில இல்ல, அதுக்கு கிணறோ குளமோ எங்க எண்டு முன்னுக்கே விசாரிச்சி வைங்க. பவுசர் வாற நாள எழுதி எடுங்க, ஒரு நாள் பிந்தினா என்ன செய்யிற எண்டும் கேட்டு வைங்க. குடிக்கிற தண்ணிய ராவைக்கே கொதிக்க வெச்சி, தளதளவெண்டு கொதி வந்து ஒரு நிமிசம் விட்டு, மூடி ஆற வைங்க, விடியக்குள்ள போத்தல்ல ஊத்த சரியா இரிக்கும். வெய்யிலுக்குள்ள தோண்டுறவங்க தாகம் வரும்வரைக்கும் பாத்திட்டிரிக்கப்படாது, 15, 20 நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு கப் அளவு குடிக்கணும். தலையிடி, குமட்டல், தலை சுத்து வந்தா நிழலுக்கு எடுத்து, மேல தண்ணி துடைச்சி, ஜீவனி எண்ட உப்புச்சீனித் தூள் பக்கெட் ஒண்ட ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணியில கரைச்சிக் குடுங்க. பேச்சுத் தடுமாறினா, மயங்கினா அது வேற கதை, உடன 1990 அம்புலன்சுக்கு எடுங்க.

சாப்பாட்டு நேரம் உங்கட வீட்டு நேரமில்ல. வெயிலுக்கு முந்தி ஆறு மணிக்கு வேல தொடங்கும், அதனால அஞ்சு மணிக்கு தேத்தண்ணியும் வயித்தில நிக்கிற மாதிரி ரொட்டி சம்பலும் வேணும். பத்து மணிக்குத்தான் பசி கொல்லும், அந்த நேரம் அவிச்ச கடலை, கௌபி, இல்லாட்டி மரவள்ளிக் கிழங்கும் கட்டச்சம்பலும், இதுக்குக் குறை வைக்காதீங்க, பகல் சோத்த விட இதுதான் முக்கியம் எண்டு நான் சொல்லுவன். பகலைக்கு 22 பேருக்கு மூண்டு, மூண்டரைக் கிலோ அரிசி, பருப்பு ஒரு கிலோ, ஒரு இலைவறை, ஒரு மீனோ முட்டையோ சோயாவோ. ராவைக்குப் புட்டு அவிக்க எண்டு தொடங்கிடாதீங்க, 22 பேருக்குப் புட்டு அவிச்சி முடிய நடுச்சாமம் ஆகிடும், பக்கத்து ஊரில இடியப்பம் அவிக்கிற ஆரும் அக்கா இரிந்தா ஓடர் குடுங்க, நீங்க சொதியும் சம்பலும் வைங்க, அவங்களுக்கும் நாலு காசு போகும்.

பிரிட்ஜ் இல்ல எண்டதுக்குப் பயப்பட வேணாம், நம்மட ஆக்கள் பிரிட்ஜோட பிறந்தவங்களா? கருவாடு, நெத்தலி, கூனி, டின் மீன், சோயா, முட்டை, பூசணி, வெங்காயம், கிழங்கு எல்லாம் தாங்கும். பச்சை மீன் காலையில வாங்கினா பகலைக்கே சமைச்சி முடியணும். பகலில வெச்ச எந்தக் கறியையும் ராவைக்கு வைக்காதீங்க, தேங்காய்ப்பால் விட்டதெண்டா அந்த வெக்கையில புளிச்சிடும். முட்டித்தயிர் நல்லாக் கிடைக்கிற எடம் அது, அண்டண்டைக்கு வாங்கி அண்டைக்கே முடிங்க.

சோத்தப் பத்தி கொஞ்சம் கூடச் சொல்லணும், ஏனெண்டா கேம்ப்ல வயித்தக் குழப்புறது கூடுதலா மீன் எண்டு சனம் நெனைக்கும், ஆனா சோறும் செய்யும். அரிசியில இரிக்கிற ஒரு வகைக் கிருமிட வித்து கொதியிலயும் சாகாது, வெந்த சோறு இளஞ்சூட்டில மணிக்கணக்கா கிடந்தா அது முளைச்சிப் பெருகி நஞ்ச விடும், பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வீட்டில ஒரு சின்னப் பானையில மிஞ்சினத தண்ணி ஊத்தி வெச்சி விடியப் பழஞ்சோறு திங்கிறது வேற, கேம்ப்ல கிடாரத்தில குவிஞ்சி கிடக்கிற சோறு நடுவில விடியுமட்டும் ஆறாது, அதில பத்துப் பேர்ட கரண்டி வேற பட்டிரிக்கும். சமைச்ச சாப்பாடு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வெளிய கிடக்கப்படாது, அந்த உச்சி வெக்கையில ஒரு மணித்தியாலமே கூட. அளந்து போடுங்க, குறைஞ்சா பாணும் பிஸ்கட்டும் இரிக்கட்டும், மிஞ்சினத வைக்காதீங்க.

ஆர் என்ன சாப்பிடுவாங்க எண்டு போக முந்தியே பேப்பர்ல எழுதி எடுங்க. வெள்ளிக்கிழம சைவம் எண்டு இரிக்கிறவங்க, முழுச் சைவம், ஹலால், கடலை ஒத்துவராதவங்க, இறால் ஒத்துவராதவங்க. கோழி வாங்கினா ஏறாவூரிலயோ காத்தான்குடியிலயோ ஹலால் கடையிலயே வாங்குங்க, அப்ப இறைச்சி திங்கிற எல்லாரும் ஒரே சட்டியில சாப்பிடலாம். சைவச் சட்டிக்கும் அகப்பைக்கும் அடையாளம் போட்டு வேறயா வைங்க, இதில ஆரும் வாய் விட்டுக் கேக்க வெக்கப்படுவாங்க, அதனால நீங்கதான் முதல்ல கேக்கணும்.

யானை விஷயத்த லேசா எடுக்காதீங்க. உப்பு, அரிசி, பழுத்த வாழைப்பழம் மணத்துக்கு அது வரும், சுவர உடைச்சும் எடுக்கும். சாமான எந்தக் காரணத்துக்கும் படுக்கிற கூடாரத்துக்குள்ள வைக்காதீங்க, உங்கட பேக்ல இரிக்கிற பிஸ்கட் கூட வேணாம். எல்லாத்தையும் மூடி இறுக்கின பிளாஸ்டிக் வாளியில போட்டு, ஆக்கள் படுக்காத பூட்டுற கட்டடத்தில வைக்கச் சொல்லுங்க, சாப்பிட்ட தட்ட ராவைக்கே கழுவுங்க. அந்த ஊர் ஆக்கள்ட்ட யானை எந்தப் பக்கத்தால வரும் எண்டு முதல் நாளே கேட்டு வைங்க, அவங்களுக்குத்தான் தெரியும். விறகுக் குவியல்ல கை வைக்க முந்தி தடியால தட்டுங்க, புடையன் பாம்பு அதுக்குள்ள சுருண்டு கிடக்கும். ராவைக்கு வெளிய போறதெண்டா டோர்ச்சும் செருப்பும், தனியப் போகவே வேணாம்.

நீங்க கேக்கல்ல, ஆனா எட்டுப் பொம்பிளப் புள்ளைகள் போறீங்க, அதனால சொல்றன். கக்கூஸ் தூரமா இரிந்தா, கதவு சரியில்லாட்டி, புள்ளைகள் தண்ணி குடிக்கிறதக் குறைப்பாங்க, அதனால சலக்கடுப்பு வரும், வெய்யிலில மயக்கம் வரும். பூட்டுற கதவு, உள்ளுக்கு வாளித்தண்ணி, சோப், மூடி போட்ட குப்பைவாளி, ராவைக்கு வெளிச்சம், இது நாலஞ்சும் உறுதியா இரிக்கா எண்டு சேர்ட்ட நேராக் கேளுங்க, வெக்கப்பட இதில ஒண்டுமில்ல.

பட்ஜெட்டில கொஞ்சம் எடம் இரிந்தா பகல் சமையலுக்கு அந்த ஊர் ஆள் ஒராளச் சம்பளத்துக்கு வைக்கச் சொல்லுங்க, வெளிநாட்டு அகழாய்வுகளிலயும் அப்படி வைக்கிறவங்க இரிக்காங்க, அப்பயும் பாத்திரம் கழுவுறதும் தண்ணி கொதிக்க வைக்கிறதும் பட்டியல்படி எல்லாருக்கும்தான். இதெல்லாம் கேஸுக்கும் சாமானுக்கும் காசு ஒதுக்கி முடிய முந்தி பேசணும், அதனால ஜூலை வரும் எண்டு பாத்திட்டிரிக்காம இந்தக் கிழமையே அந்தப் பேப்பரோட சேர்ர அறைக்குப் போங்க, கூட ஒரு பொடியனையும் கூட்டிட்டுப் போங்க, பட்டியல்ல கையெழுத்து வெச்ச ஒருத்தன.